பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்துக் கேமரா வாங்காதீர்கள்

டிஜிட்டல் ஹோலோகிராபி என்பது பொருளில் பட்டு வரும் லேசர் கற்றையையும், பொருளில் படாமல் வரும் ஒப்பீட்டுக் கற்றையையும் கேமரா சென்சாரில் சந்திக்கவைத்துப் பதியும் முறை. அந்த அமைப்பில் கோளாறு என்று அழைப்பு வந்தால், நான் முதலில் கேட்பது சென்சாரின் பிக்சல் இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரு பிக்சல்களின் மையங்களுக்கு இடையிலான தூரம். பதிலாக வருவதோ பெரும்பாலும் பிக்சல் எண்ணிக்கை. அண்மையிலும் அப்படித்தான். அரை மீட்டர் அகலமுள்ள கார்பன் இழைப் பலகையில் அடுக்குப் பிளவு (உள்ளே அடுக்குகள் பிரிந்து நிற்பது) தேடப் பெரும் விலை கொடுத்துப் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார்கள். பழையதைவிடப் பதிவாகும் கோணம் குறுகிவிட்டது.

எத்தனை பிக்சல் என்பது கோணத்தைத் தீர்மானிப்பதில்லை. பொருளிலிருந்து வரும் கற்றையும் ஒப்பீட்டுக் கற்றையும் சந்திக்கும் கோணம் கூடக்கூட, சென்சாரில் விழும் குறுக்கீட்டுப் பட்டைகள் நெருங்குகின்றன. ஒரு பட்டைக்கு 2 பிக்சலாவது வேண்டும். 532 நானோமீட்டர் பச்சை லேசருக்கு, 3.45 மைக்ரோமீட்டர் இடைவெளியில் உச்சவரம்பு சுமார் 4.4 டிகிரி. 6 மைக்ரோமீட்டர் என்றால் 2.5 டிகிரி, கோடி பிக்சல் இருந்தாலும் அதே 2.5தான். 1962இல் ஹோலோகிராபி ஆய்வாளர்கள் லீத்தும் உபட்னீக்சும் ஒப்பீட்டுக் கற்றையைச் சாய்த்துப் பதிந்தது ஒளிப்படத் தகட்டில். நுண்மையான பட்டைகளை அது தாங்கும். அந்தப் பாடநூல் வரைபடத்தை அப்படியே சென்சாருக்கு எடுத்து வராதீர்கள்.

வரம்பு மீறினாலும் ஏதோ ஒரு படம் வந்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து. பொருளின் ஓரம் மடிந்து வேறொரு பகுதியின்மேல் விழும். அதைப் பிளவு என்று நம்பி நல்ல பலகையைக் கழித்துவிடாதீர்கள்.

ஒப்பீட்டுக் கற்றை புறப்படும் ஒளிப்புள்ளியைப் பலகையின் விளிம்பிலேயே வைத்தாலும், 3.45 மைக்ரோமீட்டர் சென்சார் ஆறரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு நீளமான அதிர்வுத் தடுப்பு மேசை எந்த ஆய்வகத்தில் இருக்கிறது? அதனால்தான் குழிவில்லை (concave lens) தேவைப்படுகிறது. அது காட்டும் சிறிய பிம்பம் சென்சாரின் கோணத்துக்குள் அடங்கும்; நுண்விவரம் கொஞ்சம் போகும். வில்லையைப் பொருள் கற்றையின் பாதையில் மட்டும் வையுங்கள்.

அகலக் கோணத்தில் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். பலகையின் பெயர்ச்சியை அளக்கும்போது, நேராக ஒளியூட்டி நேராகப் பார்த்தால் ஒரு பட்டை என்பது மேற்பரப்பு 266 நானோமீட்டர் பெயர்ந்ததைக் குறிக்கும். 30 டிகிரி சாய்ந்து தெரியும் ஓரத்தில் அது 285. பக்கவாட்டு நகர்வும் அங்கே கலந்துவிடும். பலகை முழுவதற்கும் ஒரே எண்ணால் பெருக்கி அறிக்கை எழுதாதீர்கள்.

ஹோலோகிராமைக் காட்டும் திரைக்கும் இதே விதி. 3.74 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட ஒளிப்பண்பேற்றி (ஒளியைப் பிக்சல் பிக்சலாக மாற்றும் திரை) பச்சை ஒளியைச் சுமார் 8 டிகிரிக்குள்தான் விரிக்கும். சுற்றி நடந்து பார்க்கலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

தயவுசெய்து, கேமராவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அலைநீளத்தைப் பிக்சல் இடைவெளியின் இரு மடங்கால் வகுத்து, பொருளின் தூரத்தால் பெருக்குங்கள். ஒப்பீட்டுப் புள்ளியிலிருந்து பொருளின் கடைசி முனை அந்த அளவைத் தாண்டினால், குழிவில்லையையும் சேர்த்தே வாங்குங்கள்.