ஸ்டீராய்டு: சொல் விளக்கம்

குழந்தையின் கண்ணுக்குள் அழற்சி, ஸ்டீராய்டு சொட்டு விட வேண்டும் என்றதும் பெற்றோர் பலர் பதறிப்போகிறார்கள். அந்தப் பதற்றத்தில் செய்திகளுக்கும் பங்குண்டு. அங்கே ஸ்டீராய்டு என்றால் 'ஊக்கமருந்து'. தசை வளர்க்க விளையாட்டு வீரர்கள் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டு வேறு, கண்ணுக்குத் தரும் கார்ட்டிகோஸ்டீராய்டு வேறு.

'ஸ்டீரியோஸ்' என்றால் கிரேக்கத்தில் திண்மையானது. பித்தக்கல்லில் கிடைத்த திடப்பொருளுக்கு, பித்தத்தைக் குறிக்கும் 'கோலே'யைச் சேர்த்துக் கொலஸ்டிரால் என்று பெயர் வந்தது. அதைப்போல நான்கு கார்பன் வளையங்கள் பின்னிய பொருள்கள் எல்லாம் ஸ்டீராய்டு. 'ஆய்டு' என்றால் 'போன்றது'. ஆக, இந்தப் பெயர் அமைப்பை மட்டுமே சொல்கிறது, மருந்து என்ன செய்யும் என்பதை அல்ல. பாலின ஹார்மோன்களும் இந்தக் குடும்பம்தான்.

'கார்ட்டெக்ஸ்' லத்தீனில் மரப்பட்டை. தமிழில் புறணி என்பதும் அதுவே! சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் புறணியில் இயல்பாகவே சுரப்பதால் இவை கார்ட்டிகோஸ்டீராய்டுகள். தமிழில் 'புறணி இயக்குநீர்' என்பதே பொருந்தும் என்பேன்; இயக்குநீர் என்றால் ஹார்மோன். 'ஊக்கி' என்ற சொல் இங்கே வேண்டாம், இவை அழற்சியை அடக்குபவை. இவற்றில் ஒன்றான கார்ட்டிசோன் 1948இல் முடக்குவாத (மூட்டழற்சி) நோயாளிக்குத் தரப்பட்டது. இந்தப் புறணி இயக்குநீர்களை ஆராய்ந்ததற்காக 1950இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

குழந்தைகளுக்கு வரும் யூவியைட்டிஸ், அதாவது விழி நடுப்படல அழற்சி, சிறார் மூட்டழற்சியோடு சேர்ந்து வரும்போது பெரும்பாலும் வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது. கண் மருத்துவர் மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சி உருப்பெருக்கிப் பார்க்கும் பிளவு விளக்குச் சோதனையில்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் கருவிழிப்படலம் (ஐரிஸ்) லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், பார்வை போகவும் கூடும். பிரெட்னிசோலோன் என்ற கார்ட்டிகோஸ்டீராய்டு சொட்டு இந்த அழற்சியை வேகமாகத் தணிக்கிறது. சரி, அப்படியானால் அதையே விட்டுக்கொண்டிருக்கலாமா? கூடாது. நாள்பட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். மாத்திரையாகத் தொடர்ந்தால் குழந்தையின் வளர்ச்சியும் தடைபடும். அதனால்தான் அழற்சி நீடித்தால் மெத்தோட்ரெக்சேட், அடலிமுமாப் போன்ற, நோயெதிர்ப்பின் வேகத்தை அடக்கும் வேறு மருந்துகளைச் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைக்கிறார்கள்.

கண் தெளிந்துவிட்டது என்று வீட்டில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சொட்டைச் சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும். பல வாரம் மாத்திரை எடுத்த குழந்தைக்கு அட்ரீனல் தன் சுரப்பைக் குறைத்திருக்கும். அது பழைய நிலைக்கு வர நாள் பிடிக்கும் என்பதால் அளவைப் படிப்படியாக இறக்கித்தான் மருத்துவர் நிறுத்துவார்.