குங்குமக் கறையைத் தாண்டி எப்படிப் படிக்கிறது கைப்பேசி?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூ கட்டும் அக்கா ஒருவர் போன வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி கேட்டார். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் சின்ன மேசை போட்டுத் தனி ஆளாகக் கடை நடத்துகிறவர். மேசையில் மல்லி, சம்பங்கி, ரோஜா, ஊறவைத்த வாழைநார், ஒரு வாளித் தண்ணீர். முன்னால் பிளாஸ்டிக் உறை போட்ட டூயிட்நவ் கியூஆர் அட்டை. வெள்ளிதோறும் கடை திறக்கும்போது தராசுக்கு ஒரு பொட்டு, கத்தரிக்கோலுக்கு ஒரு பொட்டு, அந்த அட்டைக்கும் ஒரு பொட்டு.

"குங்குமம் ஊறி ஊறி ஒரு பக்கமே சிவப்பா ஆயிருச்சு தம்பி. ஆனாலும் காசு சரியா வந்துருது. ஒரே ஒரு நாள் மட்டும் யார் ஸ்கேன் பண்ணாலும் எடுக்கல. துடைச்சதும் எடுத்துச்சு. அப்போ எங்க வைக்கலாம், எங்க வைக்கக் கூடாது? அதோட, கறை பட்டதால காசு வேற யாருக்காவது போயிருமா?"

தனி ஆளாகத் தொழில் செய்கிறவருக்கு இந்த அட்டையைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. பூ கட்டுகிறவருக்கு இரண்டு கையும் எப்போதும் ஈரம். நாரை விட்டுவிட்டுக் கையைத் துடைத்து, பத்து வெள்ளி (ரிங்கிட்) தாளை வாங்கி, மீதி இரண்டு வெள்ளியைத் தேடி எடுத்துக் கொடுத்து மறுபடி நாரைப் பிடிப்பதற்குள் சரத்தில் நான்கு முடிச்சு போட்டிருக்கலாம். அட்டைக்கு மின்சாரம் வேண்டாம், இணையமும் வேண்டாம். அதெல்லாம் வாங்குகிறவர் கைப்பேசியில் இருக்கிறது. மேசையில் இருப்பது மை பட்ட ஒரு தாள், அவ்வளவுதான்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? கருப்புக் கட்டம் 1, வெள்ளைக் கட்டம் 0. எட்டுக் கட்டம் சேர்ந்தால் ஒரு பைட். பைட்டுகளை வரிசையாகப் படித்தால் 000201 என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி வரும். நடுவில் 458 என்று இருந்தால் ரிங்கிட் என்று பொருள். கடையின் பெயரும் ஊரும் கணக்கைக் காட்டும் எண்ணும் அதே வரியில் இருக்கும். மலேசியாவில் 2019 முதல் எல்லா வங்கிக்கும் மின்பணப்பைக்கும் பொதுவாக ஓர் அட்டை போதும் என்று பேநெட் நிறுவனம் கொண்டுவந்ததுதான் டூயிட்நவ் கியூஆர்.

கியூஆர் கட்டத்தைக் கண்டுபிடித்தது ஜப்பானில், 1994-இல். கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாரா தன் குழுவோடு உருவாக்கினார். மூன்று மூலையில் இருக்கும் பெரிய சதுரங்களைப் பாருங்கள். அவற்றின் நடுவே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு என்பவை 1:1:3:1:1 என்ற அளவில் வரும். அச்சடித்த தாள்களைத் தேடிப் பார்த்து, மிக அரிதாக வரும் அளவாகப் பொறுக்கி எடுத்தார்கள். கேமரா முதலில் இந்த மூன்று கண்களைத்தான் தேடும். கண் கிடைத்த பிறகே மற்றதெல்லாம்.

சரி, இப்போது குங்குமம். கேமரா நிறத்தைப் பொருட்படுத்துவதில்லை. வெளிச்சமா இருட்டா என்றுதான் பார்க்கும். அடர்ந்த குங்குமம் வெள்ளைக் கட்டத்தை இருட்டாக்கி 0-வை 1 ஆக்கிவிடும். திருநீறு நேர்மாறு, கருப்பை வெளிறவைத்து 1-ஐ 0 ஆக்கும். ஆக, பொட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்து மறைந்துபோகவில்லை, வேறு எழுத்தாக மாறிவிட்டது. இதுதான் கஷ்டமான நிலைமை. காணாமல் போன எழுத்து எங்கே காணோம் என்றாவது தெரியும். மாறிப்போன எழுத்து நல்ல எழுத்துப் போலவே உட்கார்ந்திருக்கும். எது பொய் என்று கைப்பேசிக்கு எப்படித் தெரியும்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. ஒரு பழைய பில் தாளின் பின்பக்கத்தில் அக்காவுக்குப் போட்டுக் காட்டியதையே இங்கேயும் தருகிறேன்.

நான் உங்களுக்கு 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். வழியில் அழுக்குப் படலாம். அதனால் வெறும் 3, 5 என்று அனுப்பாமல், அவற்றை ஒரு நேர்க்கோட்டின் முதல் இரண்டு புள்ளிகளாக வைத்துக்கொள்கிறேன். அதே கோட்டை நீட்டினால் அடுத்து 7, அதற்கடுத்து 9. நான்கையும் அனுப்புகிறேன்: 3, 5, 7, 9. சரக்கு இரண்டு, காவல் இரண்டு.

வழியில் குங்குமம் பட்டு 5 என்பது 6 ஆகிவிட்டது. உங்கள் கைக்கு வருவது 3, 6, 7, 9. எது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் புள்ளிகளை வைத்துப் பாருங்கள். முதலாவது, மூன்றாவது, நான்காவது (3, 7, 9) மூன்றும் ஒரே கோட்டில் அழகாக உட்கார்கின்றன. 6-ஐ நம்பி எந்தக் கோடு போட்டாலும் இரண்டு புள்ளிக்கு மேல் அதில் சேராது. 3, 6 வழியாகப் போட்டால் அடுத்தவை 9, 12 என்று இருக்க வேண்டும், இல்லை. 6, 7 வழியாகப் போட்டால் முதல் எண் 5 ஆக இருக்க வேண்டும், இல்லை. 6, 9 வழியாகப் போட்டால் நடுவில் ஏழரை வர வேண்டும், அதுவும் இல்லை. மூன்று பேர் ஒரே சாட்சி சொல்ல, ஒருவர் மட்டும் தனித்து நிற்கிறார். அவரைத் தள்ளிவிட்டுக் கோட்டைப் பார்த்தால் இரண்டாவது இடத்தில் 5. தவறு எது என்றும் தெரிந்தது, சரியானது எது என்றும் தெரிந்தது!

இதை முதன்முதல் புரிந்துகொண்ட நாளில் என்னால் உட்கார முடியவில்லை. வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை யாராவது மிதித்துவிட்டால், அம்மா எட்டிப் பார்த்துவிட்டு அந்த ஒரு வளைவை மட்டும் திரும்ப இழுப்பார். மற்ற வளைவுகளே அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடும். அதே வேலைதான் இது.

உண்மையான கட்டத்தில் நேர்க்கோட்டுக்குப் பதில் பல வளைவுகள் உள்ள கோடு. எண்கள் கூடக் கூட வளைவும் கூடும். பள்ளியில் படித்த பல்லுறுப்புக்கோவைதான். 1960-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் இதை எழுதினார்கள். கியூஆரில் இதே கருத்து இன்னொரு வடிவத்தில் இருக்கிறது: எல்லா எண்களையும் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட கோவையால் வகுத்தால் மீதி வரக் கூடாது என்று காவல் எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி வந்தால் எங்கோ அழுக்கு இருக்கிறது. அந்த மீதியே எங்கே, எவ்வளவு என்றும் காட்டிக்கொடுக்கும்.

மிகச் சிறிய கியூஆர் 21-க்கு 21 கட்டம். அதில் மொத்தம் 26 பைட். மிக உறுதியான நிலையில் அச்சடித்தால் சரக்கு 9 பைட் மட்டுமே, மீதி 17-ம் காவல்! 8 பைட் வரை மாறிப்போனாலும் மீட்டுவிடலாம். கிட்டத்தட்ட 30 விழுக்காடு. ஒரு தவறைத் திருத்த இரண்டு காவல் வேண்டும், எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ஒன்று, திருத்த ஒன்று. அதனால்தான் காவல் இவ்வளவு கூடுதல். இப்படி நான்கு நிலைகள் உண்டு: 7, 15, 25, 30 விழுக்காடு.

இன்னொரு நயமும் இருக்கிறது. ஒரு பைட்டின் எட்டுக் கட்டத்தில் ஒன்று கெட்டாலும் எட்டும் கெட்டாலும் கணக்குக்கு ஒரே தவறுதான். பொட்டு ஒரே இடத்தில் அப்புவதால் சில பைட்டுகளோடு நின்றுவிடும். டூயிட்நவ் அட்டை போன்ற பெரிய கட்டங்களில் பைட்டுகளைப் பல குழுவாகப் பிரித்து, மல்லி ஒன்று, மரிக்கொழுந்து ஒன்று, ரோஜா ஒன்று என்று கதம்பம் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். ஓரிடத்தில் கறை பட்டால் ஒரே குழு முழுக்கச் சாகாது. எல்லாக் குழுவும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றும் தன் பங்கைத் தானே திருத்திக்கொள்ளும்.

ஒரு சிக்கல் பாக்கி. பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். கோடு வளைந்து 4,000-க்குப் போய்விட்டால்? கடிகாரம் போலச் சுற்றிவரச் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் பன்னிரண்டு மணிக் கடிகாரத்தில் 1-ஐ இரண்டால் பெருக்கினாலும் 2, 7-ஐ இரண்டால் பெருக்கினாலும் 14, அதாவது மறுபடி 2. திரும்பி வகுக்க வழியில்லை. 256 எண்களுக்குள்ளேயே நின்று, கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் பிசகாமல் நடக்கும் ஓர் எண் உலகம் வேண்டும். அதைத் தந்தவர் எவரிஸ்த் கலுவா என்ற பிரெஞ்சு இளைஞர், 1830-இல். இருபது வயதில், 1832-இல், துப்பாக்கிச் சண்டையில் இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டு, 1833-இல், இங்கே குவீன் ஸ்திரீட்டில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்த வாசலில் இன்று பூ விற்பவரின் வரவு செலவு கலுவாவின் கணக்கின் மேல் ஓடுகிறது.

ரீட், சாலமன் எழுதியபோதும் அதை வேகமாகத் திருத்திப் படிக்கும் முறை கையில் இல்லை. பெர்லெகாம்ப், மாசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1960-களின் கடைசியில் அதைத் தந்த பிறகுதான் 1982-இல் குறுந்தட்டில், அப்புறம் யுரேனஸைத் தாண்டிய வாயேஜர் 2 விண்கலத்தில் என்று எல்லா இடத்துக்கும் போனது. "கணக்குப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று நம் வீடுகளில் பிள்ளைகளைக் கேட்கும்போதும், உடனே பலன் தெரியாத கணித ஆய்வுக்குப் பணம் எதற்கு என்று பெரியவர்கள் மேசையில் கேட்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கலுவாவுக்கும் கைப்பேசிக்கும் நடுவே நூற்று அறுபது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அத்தனை காலம் அந்தக் கணக்கைக் காப்பாற்றியவர்கள் சம்பளம் வாங்கிய ஆசிரியர்களும் ஆய்வாளர்களும்தான்.

காசு வேறு ஆளுக்குப் போகுமா? கறை அளவை மீறினால் கைப்பேசி பெரும்பாலும் பேசாமல் நின்றுவிடும், தப்பாகப் படிக்காது. அதையும் மீறித் தப்பாகப் படித்தாலும் இன்னொரு காவல் உண்டு: பணம் செலுத்தும் வரியின் கடைசியில் 6304 என்பதற்குப் பின் நான்கு எழுத்து இருக்கும். முன்னால் உள்ள வரி முழுவதையும் கணக்குப் போட்டு வரும் முத்திரை அது. எங்கோ ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. ஆனால் உங்கள் அட்டையின் மேல் வேறு ஆள் தன் அட்டையை ஒட்டிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் காப்பாற்றாது, ஏனென்றால் அதுவும் முறையான அட்டைதான். காலையில் ஒரு முறை விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வாங்குகிறவரிடம், திரையில் என்ன பெயர் வருகிறது என்று கேளுங்கள். வந்த காசை உங்கள் கைப்பேசியில் பாருங்கள், அவர் காட்டும் படத்தில் அல்ல.

அக்கா வாட்ஸ்அப்பில் மாலைக்கு ஆர்டர் எடுக்க இரண்டாவது கியூஆர் ஒன்றும் போட்டிருந்தார். பொடிப் பொடியாக இருந்தது, பழைய கைப்பேசிகள் திணறின. காரணம் தமிழ்தான். இணைப்பில் "மாலை" என்று எழுதினால் ம, கால், ல, ஐகாரக் குறி என நான்கு துண்டு. ஒவ்வொன்றும் மூன்று பைட், இணைப்புக்குள் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ஆக 36 எழுத்து! அவர் எழுதியிருந்ததோ நான்கு வரி வணக்கம். செய்தியை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்து, 25 விழுக்காட்டு நிலையில் புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன். கட்டங்கள் பெரிதாகிவிட்டன. வணக்கத்தை அவர் வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கிப் பதிலாக வைத்துக்கொண்டார்.

அப்புறம் பொட்டு. ஸ்கேன் எடுக்காத அந்த நாளில் குங்குமம் மேல் இடது கண்ணில் இருந்திருக்கிறது. காவல் எண்கள் கண்களைக் காப்பதில்லை. கண் மறைந்தால் கட்டமே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். துடைத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதால் பல வாரம் துடைக்காமல் விட்டாராம். பொட்டு வைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது அவருடைய அன்பு. துடைக்காதே என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியாது, அன்று அரை நாள் வியாபாரத்தை நிறுத்தியது அதுதான்.

இப்போது அட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டு, அதற்கு வெளியே மரச்சட்டம் போட்டிருக்கிறார். பொட்டு சட்டத்தின் மேல். இந்த வெள்ளிக்கிழமை எட்டு வெள்ளிக்குச் சம்பங்கி மாலை வாங்கினேன். கைப்பேசியைக் காட்டியதும் எடுத்துக்கொண்டது, அவர் நாரை விடாமலே தலையசைத்தார்.