மாலையில் எழும்பிய மயில் காலையில் எங்கே போனது?

பர்ஸ், கைப்பை செய்து விற்கும் இளைஞர் ஒருவர் போன வாரம் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் பழுப்புத் தோலின் மேல் ஒரு மயில். கழுத்தின் வளைவு, தோகையின் கண்கள் எல்லாம் புடைத்து நிற்கின்றன. இரண்டாவது படம் மறுநாள் காலையில் எடுத்தது. அதே தோல்தான், மயிலைக் காணோம். விரலால் தடவினால் மட்டும் லேசாக ஒரு மேடு தட்டுப்படுகிறதாம்.

"அக்ரிலிக்கில் லேசர் வைத்து அச்சு வெட்டினேன். தோலை வைத்து வைஸில் இறுக்கி ஒரு மணி நேரம் விட்டேன். நன்றாகத்தான் வந்தது. அதன் மேல் தங்க ஃபாயில் வைத்து, அதே அச்சை அயர்ன் பாக்ஸில் சூடாக்கி அழுத்திப் பார்த்தேன். ஃபாயில் ஒட்டவில்லை, அச்சில் மயிலின் கொண்டை உருகிப்போனது. காலையில் பார்த்தால் தோலிலும் மயில் இல்லை. எங்கே தப்பு செய்தேன்?"

கொண்டை உருகியதற்குக் காரணம் எளிது, அதைப் பிறகு சொல்கிறேன். மயில் மறைந்தது அப்படியல்ல. அதைத் தெரிந்துகொள்ளத் தோலுக்குள் கொஞ்சம் ஆழமாகவே போக வேண்டும்.

முதலில் அச்சு. கடைகளில் இருக்கும் சிறிய லேசர் இயந்திரங்களில் பெரும்பாலானவை கார்பன் டை ஆக்சைடு லேசர்கள். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964இல் உருவாக்கியது. அதிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், அலைநீளம் 10.6 மைக்ரான். நம் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும் அக்ரிலிக், இந்தக் கதிருக்குக் கருங்கல் சுவர். மொத்த ஆற்றலையும் மேற்பரப்பிலேயே வாங்கிக்கொண்டு ஆவியாகிவிடுகிறது. கதிர் குவியும் புள்ளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் தோகையின் ஒவ்வொரு இழையையும் வெட்டிவிடலாம். அக்ரிலிக் வாங்கும்போது வார்ப்பு அக்ரிலிக்காகக் கேட்டு வாங்குங்கள். மற்றது லேசர் பட்டதும் பிசுபிசுவென்று இழுத்துக்கொள்ளும். ரெக்ஸினை மட்டும் இந்த இயந்திரத்துக்குள் வைக்கவே கூடாது. ரெக்ஸின் பெரும்பாலும் பிவிசி. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். இயந்திரத்தையும் அரிக்கும், நுரையீரலையும் அரிக்கும்.

மயில் தோலில் மேடாக வர வேண்டுமானால் அச்சில் அது பள்ளமாக இருக்க வேண்டும். சுற்றியுள்ள தோலை அச்சு அமுக்கும், மயில் மட்டும் அமுங்காமல் நிற்கும். இன்னும் உயரம் வேண்டுமென்றால், அட்டையிலோ அக்ரிலிக்கிலோ மயிலைத் தனியாக வெட்டி, தோலின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஓரத்தைச் சுற்றிலும் குறைத்து, தோலுக்கு அடியில் வைக்கலாம். கீழிருந்து அது தள்ளும், மேலிருந்து பள்ளம் வாங்கிக்கொள்ளும். அச்சின் விளிம்பை உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். லேசர் விட்டுச்செல்லும் கூர்மை தோலின் மேல்பரப்பைக் கீறிவிடும்.

இனி தோலுக்கு வருவோம். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். இந்தப் புரதத்தின் அமைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கயிறு திரிப்பவர்களின் கைகள்தான் நினைவுக்கு வரும். தேங்காய் நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரி செய்வார்கள். பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். ஒரு முறுக்கு அவிழப் பார்த்தால் இன்னொன்று இறுகும், அதனால் கயிறு பிரியாது. கொலாஜன் மூலக்கூறும் இதேதான். மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றும் இடப்பக்கம் முறுகியது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுகி ஒரு முப்புரி ஆகின்றன. மூன்றும் நெருங்கி வரும் நடுப்பகுதியில் இடம் மிகவும் குறைவு. அங்கே நுழையக்கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான். அதனால் சங்கிலி நெடுக ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் உட்கார்ந்திருக்கிறது. இந்த முப்புரியின் தடிமன் 1.5 நானோமீட்டர், நீளம் 300 நானோமீட்டர். விரல் தடிமனுக்குப் பெரிதாக்கினால் மூன்று மீட்டர் கயிறு. இப்படிப்பட்ட கயிறுகள் கற்றையாகி, கற்றைகள் நாராகி, நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதுதான் தோல். பழைய பெல்ட் கிழிந்த இடத்தைப் பாருங்கள், அந்த நார்கள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

இந்த முப்புரியைக் கண்டு சொன்னது சென்னையில். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. அந்த நாட்களில் சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜனைத் தேடி ராமச்சந்திரன் தொலைவில் போகவில்லை. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து வந்த கங்காரு வால் தசைநாரில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அவரும் சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தங்கள் மாதிரி அமைப்பை வெளியிட்டார்கள். கங்காரு வாலுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்ற கேள்வியால் யாருக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு எந்த அதிகாரியாவது கோப்பைத் திருப்பி அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. இன்றைக்கு ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே "இதனால் தொழிலுக்கு என்ன பயன்" என்று எழுதச் சொல்கிறார்கள். பயன் முன்கூட்டியே தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் பணம் கொடுக்கும் நாடு, பிறர் கண்டுபிடித்ததை விலைக்கு வாங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோலைத் தொட்டு வேலை செய்பவர்களைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த நாடு இது. தொட்ட கைகளுக்குத்தான் தோலைப் பற்றித் தெரியும். தொடாதவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் செருப்பின் விலை மட்டும்.

மயிலுக்குத் திரும்புவோம். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். அழுகாமலிருக்கப் பதனிட வேண்டும். அதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று நம் ஊர் வழி: ஆவாரம்பட்டை, கடுக்காய். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் இப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் நெடுங்காலமாக ஏற்றுமதியாகி, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பட்டையிலுள்ள டானின் மூலக்கூறுகள் கை கால் நிறைய உள்ளவை. கொலாஜன் கயிறுகளுக்கு நடுவே புகுந்து, பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு, இடைவெளிகளையும் அடைத்துவிடுகின்றன. இன்னொன்று குரோமிய உப்பு. நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது, இன்று உலகில் பெரும்பாலான தோல் இந்த வகைதான். குரோமியம் கொலாஜனின் அமிலக் கிளைகளைப் பிடித்துக் கயிற்றோடு கயிற்றை உறுதியாகக் கட்டுகிறது. தோலின் எடையில் சுமார் 4 சதவீதம் குரோமியம் ஆக்சைடு இருந்தாலே போதும். நடுவிலுள்ள இடமெல்லாம் காலியாக இருப்பதால் தோல் பஞ்சு போல மெத்தென்று, அமுக்கினால் திரும்பி வரும் குணத்தோடு இருக்கும்.

இப்போது சட்டையை இஸ்திரி போடுவதை நினைத்துப் பாருங்கள். காய்ந்த பருத்திச் சட்டையில் சுருக்கம் போகாது. தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் போகும். பருத்தி நார்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றைத் தளர்த்துகிறது, நார் நகர்கிறது. தண்ணீர் ஆவியானதும் பிணைப்புகள் மறுபடி பிடிக்கின்றன, ஆனால் புதிய இடத்தில். ஆவாரந்தோலிலும் இதுவே நடக்கிறது. ஈரமான தோலை அச்சில் அழுத்தும்போது நார்கள் வழுக்கி இடம் மாறுகின்றன. அழுத்தத்திலேயே காயவிட்டால் டானினும் கொலாஜனும் புதிய இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. குரோமியத்தின் கட்டு அப்படியல்ல, தண்ணீருக்கு அவிழாது. அச்சு எடுத்ததும் நார்கள் சுருள்கம்பி போல மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு ஓர் இரவு போதும்.

உங்கள் தோல் குரோம் தோல். அனுப்பிய படத்தில் வெட்டிய ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பழுப்புச் சாயம், நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம். ஆவாரந்தோலாக இருந்தால் ஓரம் முழுக்க ஒரே பழுப்பாக இருந்திருக்கும். சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் பட்டையில் பதனிட்ட தோல் என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். மேலே பூச்சு எதுவும் இல்லாத ஆவாரந்தோல் அதை உறிஞ்சிக் கறுக்கும்.

எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. சொட்டச் சொட்ட நனைத்தால் தோல் களி போலாகிவிடும், விளிம்பு நிற்காது. காய்ந்திருந்தால் நார் நகராது. ஸ்பஞ்சால் நனைத்து, பாலித்தீன் பையில் சுற்றி, ஈரம் உள்ளே சமமாகப் பரவச் சில மணி நேரம் விடுங்கள். வெளியே எடுத்தால் நிறம் மெல்ல வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்பும். அப்போது தோலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்கக் காய்ந்தது போலிருந்தும் கன்னத்தில் சில்லென்று பட்டால் அதுதான் பதம். உள்ளே தங்கிய நீர் ஆவியாகிக்கொண்டே உங்கள் கன்னத்தின் சூட்டை எடுத்துக்கொள்கிறது, மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பது போல.

ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அச்சை ஒரு டன் பிரஸ்ஸில் அழுத்தினால் தோலின் மேல் விழுவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. அக்ரிலிக் இதைத் தாராளமாகத் தாங்கும். ஈரத் தோலுக்கு வெறும் இரும்பு அச்சு வேண்டவே வேண்டாம். டானினும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கறுப்புக் கறை விழும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியது இதே வினையை வைத்துத்தான். அந்தக் கறை எளிதில் போகாது.

இனி தங்கம். கல்யாணப் பத்திரிகையில் மின்னும் எழுத்தில் ஒரு பொட்டுத் தங்கமும் இல்லை, அது அலுமினியம். ஃபாயிலின் அடுக்குகளைச் சொல்கிறேன்: மேலே தாங்கிப் பிடிக்கும் பாலியெஸ்டர் தாள், அதற்கு அடியில் சூடு பட்டால் விட்டுக்கொடுக்கும் மெழுகு, அடுத்து மஞ்சள் சாயமிட்ட ஒளிபுகும் பூச்சு, அதன் அடியில் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், கடைசியாகச் சூட்டில் இளகும் பசை. அலுமினியத்தின் கனம் சில பத்து நானோமீட்டர்தான். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் பளபளப்பதும் இப்படிப் படியவைத்த அலுமினியத்தால்தான். ஒளி மஞ்சள் பூச்சைக் கடந்து உள்ளே போய், அலுமினியத்தில் பட்டுத் திரும்பி, மறுபடி மஞ்சளைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் நம் கண்ணுக்குப் பொன்னாகத் தெரிகிறது. ஸ்பெயினின் கோர்டோபா நகரத்துப் பொன்தோல் கைவினைஞர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். தோலில் வெள்ளி இழைத்தகடு ஒட்டி, மேலே மஞ்சள் வார்னிஷ் பூசினால் பொன். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துக்காரர்கள் அந்தத் தோலையே அச்சில் அழுத்திப் பூவும் பழமும் புடைத்து நிற்கும் சுவர் அலங்காரங்களாகச் செய்தார்கள். நீங்கள் செய்ய நினைப்பதும் அதைத்தான்.

ஃபாயிலின் பசை இளகப் பொதுவாக 100 டிகிரிக்கு மேல் வேண்டும். அக்ரிலிக் சுமார் 105 டிகிரியிலேயே குழைந்துவிடும். கொண்டை உருகியது இதனால்தான். பத்திரிகை அச்சடிப்பவர்கள் உலோக அச்சு வைத்திருப்பதும் இதனால்தான். பித்தளை அச்சுக்கு நிறையச் செலவாகும். உங்களுக்கு அது தேவையே இல்லை. மயில் ஏற்கெனவே மேடாக நிற்கிறதே! அதன் மேல் ஃபாயிலை விரித்து, தட்டையான சூட்டுத் தகட்டை லேசாக, சில விநாடி மட்டும் அழுத்துங்கள். தகடு தொடுவது மேட்டை மட்டும்தான், பசை இளகுவதும் அங்கே மட்டும்தான். பள்ளத்துக்கு மேலே ஃபாயில் அந்தரத்தில் நிற்கும். தோல் மயிலே தனக்கு அச்சாகிவிடுகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஈரத்தோடு சூடு வைக்காதீர்கள். நார்களை நகரவிட்ட அதே தண்ணீர், சூடு சேர்ந்தால் முப்புரியையே அவிழ்த்துவிடும். ஈரமான பச்சைத் தோல் 65 டிகிரி அளவிலும், ஆவாரந்தோல் 75 முதல் 85 டிகிரிக்குள்ளும் சுருண்டு கெட்டியாகும். எலும்பை வேகவைத்தால் ஜெலட்டின் வருவதும் இதே அவிழ்தல்தான். காய்ந்த தோல் அதைவிடக் கூடுதலான சூட்டைத் தாங்கும்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் ஒரு துண்டு ஆவாரந்தோலில் செய்து பார்த்தேன். முதல் நாள் ஈரத்தில் அச்சு, மறுநாள் முழுக்க நிழலில் உலர்த்தல், மூன்றாம் நாள் ஃபாயில். தோகையின் மெல்லிய இழைகள் இரண்டில் மட்டும் பொன் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் மேட்டின் உயரம் போதவில்லை என்று நினைக்கிறேன், அச்சில் அரை மில்லிமீட்டர் ஆழம் கூட்டிப் பார்க்க வேண்டும். இதை எழுதும்போது அந்தத் துண்டு மேசையில்தான் இருக்கிறது. இன்றோடு ஐந்தாவது காலை, மயில் போகவில்லை.