ஸ்மார்ட் மீட்டர்: களியக்காவிளைக்கு ஒரு கணக்கு, பாறசாலைக்கு ஒரு கணக்கு

தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையில் இருக்கும் என் மைனி வாஷிங் மெஷினை நேரம் பார்த்துப் போடுவதில்லை. எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் அவருடைய அக்கா, சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் அதைத் தொடவே மாட்டார். ஏசி ஓடும் வீடு, மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கேரளத்தில் 2025 ஜனவரியிலிருந்து காலை 6 முதல் மாலை 6 வரை கட்டணம் 10 சதவீதம் குறைவு. மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல். நம் பக்கம் வீட்டுக் கட்டணத்துக்கு இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் என்பதுதான் கணக்கு. அதில் முதல் 100 யூனிட் இலவசம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். கணக்கை மாற்றுவது மீட்டர் அல்ல, அந்தந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003 மின்சாரச் சட்டம் கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை அதனிடம்தான் கொடுத்திருக்கிறது.

நேரத்துக்கு நேரம் விலை ஏன் மாற வேண்டும்? முப்பந்தலில் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை விடாமல் சுற்றும், மற்ற மாதங்களில் தளர்ந்துவிடும். சோலார் பகலில் மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் லைட், டிவி, மோட்டார் என்று ஒரே நேரத்தில் ஓடும். அந்த நாலு மணி நேரச் சுமையைக் கொஞ்சம் பகலுக்குத் தள்ளத்தான் இந்த ஏற்பாடு. எந்த மணியில் எவ்வளவு ஓடியது என்று தெரிய, நேரவாரியாகப் பதிந்து தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும்.

மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும்; கேரளம் குறைத்திருப்பது 10 தான். உச்ச நேரத்தில் வணிக, தொழில் இணைப்புகளுக்குக் குறைந்தது 1.2 மடங்கு, மற்றவர்களுக்கு 1.1 மடங்கு. விவசாய இணைப்புக்கு இது கிடையாது. ஜெர்மனியில் ஆண்டுக்கு 6,000 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம். பிரிட்டனில் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம்.

சரி, வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டினால் நமக்கு என்ன உரிமை? இதைத்தான் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதே மத்திய விதிகளின்படி, புது மீட்டர் காட்டும் அதிகபட்ச லோடை (ஒரே நேரத்தில் வீடு இழுத்த மிக அதிக மின்சாரத்தை) பிடித்துக்கொண்டு, அது மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக்கூடாது. இணைப்புக்கு அனுமதித்த லோடை ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது தாண்டினால்தான் அதை உயர்த்தலாம். மீட்டரைத் தினம் ஒரு முறையாவது தொலைவிலிருந்தே படிக்க வேண்டும், அந்தக் கணக்கு நமக்கும் கிடைக்க வேண்டும். ரீடிங் தப்பு என்று புகார் கொடுத்தால், அந்த விதிகளின் 2024 திருத்தத்தின்படி ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பக்கத்தில் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகாரை எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள்.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின்குறை தீர்ப்பாளர். கட்டணத்தை மாற்றும் மனு வந்தால், மக்களின் ஆட்சேபணையைக் கேட்ட பிறகே ஆணையம் உத்தரவு போட வேண்டும் என்கிறது 2003 சட்டத்தின் 64-வது பிரிவு. கருத்து கேட்டு அறிவிப்பு வரும்போது, இரவு எட்டு மணிக்குக் கடையடைத்து வந்து துணி துவைக்கும் குடும்பங்களின் நிலையை எழுதி அனுப்புங்கள்.