பாறைக்குள் இருக்கும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை

அமெரிக்காவின் டென்வர் நகரை ஒட்டி ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற ராணுவ இரசாயன ஆலை இருந்தது. அங்கே தேங்கிய நச்சுக் கழிவுநீரை ஒழிக்க 1961இல் 3,671 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டார்கள். 1962 மார்ச்சில் கழிவுநீரை உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே டென்வரில் நிலம் அதிர ஆரம்பித்தது. பெரிதாக நிலநடுக்கம் கண்டிராத நகரம் அது. டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர், மாதாமாதம் செலுத்திய நீரின் அளவையும் அதிர்வுகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறியது, ஒன்று இறங்கும்போது மற்றதும் இறங்கியது. 1965இல் அதை வெளியிட்டார். 1966 பிப்ரவரியில் செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அதிர்வு நிற்கவில்லை. அந்த வரிசையிலேயே பெரிய நிலநடுக்கங்கள் 1967இல்தான் வந்தன. அவற்றில் வலுவானது ஆகஸ்ட் மாதம் வந்தது, அதாவது துளையை மூடி ஒன்றரை ஆண்டு கழித்து.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மூன்றரை கிலோமீட்டர் பாறையின் எடை மேலே அழுத்திக்கொண்டிருக்க, வெறும் தண்ணீர் எப்படி அதை நகர்த்துகிறது? குழாயை மூடிய பிறகும் அது ஏன் நிற்கவில்லை? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், எண்ணெய்க் கிணறு, புவிவெப்ப மின்நிலையம், கரியமில வாயுவைப் புதைக்கும் திட்டம் எல்லாவற்றிலும் நடப்பதில் பாதி புரிந்துவிடும்.

நிலத்தடி நீர் என்றவுடன் பாறைக்கு அடியில் ஆறு போல ஏதோ ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறைக் குகைகளை விட்டுவிட்டால் அப்படி எங்கும் இல்லை. தண்ணீர் இருப்பது பாறையின் துகள்களுக்கு இடையிலான நுண்துளைகளிலும், மயிரிழை போன்ற விரிசல்களிலும்தான். நல்ல மணற்பாறையில் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு கூட இப்படிக் காலியிடமாக இருக்கும். கிரானைட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆழத்துக்குப் போகப் போக இந்த இடங்கள் எல்லாம் நிறைந்தே இருக்கின்றன, பெரும்பாலும் கடல்நீரைவிட உப்பான, மிகப் பழைய நீரால்.

இப்போது ஒரு எளிய கணக்கு. பாறை தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு எடை கொண்டது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் பாறையின் எடை கிட்டத்தட்ட 780 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அதே ஆழத்தில் நுண்துளைகளுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 300. பாறையின் துகளும் துகளும் உண்மையில் ஒன்றையொன்று நெருக்கும் விசை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 480 மட்டுமே. மீதிச் சுமையைத் தண்ணீர் தாங்கிக்கொண்டிருக்கிறது. கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் 1920களில் மண்ணுக்காகக் கண்டறிந்த உண்மை இது. பெரிய பாறைப் பாளங்கள் மைல்கணக்கில் நகர்வதை விளக்க ஹப்பர்ட், ரூபி என்ற புவியியலாளர்கள் இருவரும் 1959இல் இதையே பயன்படுத்தினார்கள்.

பூமியின் மேலோட்டில் எங்கு பார்த்தாலும் பழைய பிளவுகள் உண்டு. இரு பக்கப் பாறைகளும் நகரத் துடிக்கும், ஆனால் உராய்வு அவற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கும். உராய்வின் பலம், இரு பக்கமும் எவ்வளவு இறுக்கமாக நெருக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பிளவுக்குள் நீரின் அழுத்தம் ஏறினால் அந்த நெருக்கம் குறையும், பிடி தளரும். தண்ணீர் எண்ணெய் போல வழுக்கச் செய்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள், அது சரியான விளக்கம் அல்ல. பிளவு ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது. மாறியது அழுத்தம் மட்டும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பிளவுக்குக் கூடுதலாக ஒரு வளிமண்டல அழுத்தமே கூடப் போதுமானதாக இருக்கலாம். நகர்வதற்கான விசை பூமிக்குள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. நாம் செய்வது பூட்டைத் திறப்பது மட்டும்தான்.

தாமதத்துக்கும் இதே இடத்தில்தான் பதில் இருக்கிறது. நீர் நிறைந்த ரப்பர் குழாயின் ஒரு முனையில் குழாயடியைத் திறந்தால், மறுமுனையில் உடனே தண்ணீர் கொட்டும். கொட்டுவது இப்போது உள்ளே போன தண்ணீர் அல்ல, முன்பே அங்கே இருந்தது. பாறையிலும் அழுத்தம் இப்படித்தான் தண்ணீரை முந்திக்கொண்டு போகிறது, ஆனால் மிக மெதுவாக, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். டென்வரில் துளையை மூடியபோது அதன் வாயருகே அழுத்தம் இறங்கியது. அதற்குள் கிளம்பிவிட்ட அழுத்தம் பிளவின் வழியே வெளிநோக்கிப் பரவிக்கொண்டே இருந்தது. தொலைவில் இருந்த பெரிய பகுதிகளை அது தொட்டபோது பெரிய அதிர்வுகள் வந்தன.

இதெல்லாம் வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1969இல் தொடங்கிச் சில ஆண்டுகள், அதே கொலராடோ மாநிலத்தின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் ஒரு துணிச்சலான சோதனை நடத்தியது. எண்ணெயை வெளியே தள்ளுவதற்காக அங்கே ஏற்கெனவே நீர் செலுத்திக்கொண்டிருந்தார்கள், சிறு அதிர்வுகளும் வந்துகொண்டிருந்தன. ஆய்வாளர்கள் அந்தப் பாறையின் உராய்வை ஆய்வகத்தில் அளந்து, எந்த அழுத்தத்தில் பிளவு நகரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டார்கள். அப்புறம் நீரை வெளியே எடுத்து அழுத்தத்தை அந்த எல்லைக்குக் கீழே இறக்கினார்கள், கிணற்றைச் சுற்றி அதிர்வு நின்றது. மீண்டும் ஏற்றினார்கள், அதிர்வு திரும்ப வந்தது. 1976இல் முடிவுகள் வெளியாயின. நிலநடுக்கத்தை மனிதர் நிறுத்தவும் தொடங்கவும் முடிந்த மிக அரிய சோதனை இது. இந்த அளவுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எண்ணெய்த் தொழில் முப்பது ஆண்டுகள் கழித்து ஓக்லஹோமாவில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஓக்லஹோமாவில் 2009க்கு முன்பு, அளவு 3க்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். 2015இல் அது ஏறத்தாழ 900 ஆனது. 2016 செப்டம்பரில் பாவ்னி என்ற இடத்தில் வந்தது அளவு 5.8. பலரும் பாறையை நீரால் உடைத்து எரிவாயு எடுக்கும் முறையைக் குற்றம் சொன்னார்கள். பெரும்பங்கு காரணம் வேறு. எண்ணெயோடு சேர்ந்து பழைய உப்புநீரும் மேலே வரும், சில வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பத்து பீப்பாய்க்கும் மேல். அந்த உப்புநீரை ஆற்றில் விட முடியாது, வயலில் விட முடியாது. அதனால் ஆர்பக்கிள் என்ற ஆழமான சுண்ணாம்புப் பாறை அடுக்குக்குள் செலுத்தினார்கள். நீரை நன்றாக வாங்கிக்கொள்ளும் அடுக்கு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், அதற்கு நேர் கீழே பழைய அடித்தளப் பாறையும் அதன் பிளவுகளும் இருக்கின்றன. மேலே விட்ட அழுத்தம் கீழே இறங்கியது. செலுத்தும் அளவைக் குறைக்க அரசு உத்தரவிட்ட பிறகு எண்ணிக்கை சரிந்தது, ரேஞ்ச்லியில் பார்த்தது போலவே.

உள்ளே செலுத்தினால்தான் ஆபத்து என்றில்லை, வெளியே எடுத்தாலும் கணக்கு மாறும். சுமையில் ஒரு பங்கைத் தாங்கிய நீரோ வாயுவோ போய்விட்டால் அந்தச் சுமையும் பாறையின் தலையில் விழுகிறது, பாறை நசுங்குகிறது. நியூசிலாந்தின் வைராகேய் புவிவெப்ப மின்நிலையம் 1958இல் தொடங்கியது. எடுத்த வெந்நீரைப் பல பத்தாண்டுகள் திருப்பிச் செலுத்தவில்லை. அங்கே ஒரு பகுதியில் நிலம் ஏறத்தாழ 15 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் எரிவாயு வயலிலும் இதே கதைதான். மணற்பாறை நசுங்கி, 2012இல் அளவு 3.6 நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன, 2024இல் வயலையே மூடினார்கள்.

புவிவெப்பத்தில் நீர்தான் எல்லாம். சூடு பாறையில் இருக்கிறது, அதை மேலே சுமந்து வருவது நீர். கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் வயலில் 1980களின் பிற்பகுதியில் நீராவி குறையத் தொடங்கியது. பாறையின் சூடு அப்படியேதான் இருந்தது, நீர் தீர்ந்துபோயிருந்தது. சுற்றுவட்டார ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து உள்ளே விட்டு வயலைக் காப்பாற்றினார்கள். கழிவுநீருக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை. சூடான பாறையில் குளிர்ந்த நீர் படும்போது பாறை சுருங்கி, அங்கே சிறு அதிர்வுகள் தொடர்ந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

இயற்கையாக நீர் இல்லாத சூடான பாறையில் நாமே விரிசல் திறந்து நீரைச் சுற்றவிடும் முறையும் உண்டு. அங்கேதான் கவலை அதிகம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 11,500 கன மீட்டர் நீரைச் செலுத்தினார்கள். அதிர்வுகள் கூடியதும் நிறுத்தினார்கள். நிறுத்திச் சில மணி நேரத்தில் அளவு 3.4 அதிர்வு நகரை உலுக்கியது, திட்டம் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் நடந்தது இன்னும் கடுமையானது. அங்கே செலுத்திய நீர் ஏறத்தாழ பாசலில் செலுத்திய அளவுதான். 2017 ஏப்ரலிலேயே அளவு 3ஐத் தாண்டிய ஓர் அதிர்வு எச்சரித்தது. பணி தொடர்ந்தது. நவம்பர் 15 அன்று அளவு 5.4 நிலநடுக்கம் வந்து நகரம் பெருஞ்சேதம் அடைந்தது. நீர் செலுத்தியதே அதைத் தூண்டியது என்று ஆய்வுக் குழு 2019இல் சொன்னது. அளவு இவ்வளவைத் தாண்டினால் நிறுத்து என்று ஒரு எல்லை வைத்துக்கொள்வது மட்டும் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான். டென்வரில் பார்த்தபடி நிறுத்திய பிறகும் அழுத்தம் நடக்கும். துளை போடுவதற்கு முன்பே பிளவு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் உண்மையான பாதுகாப்பு.

இதுவரை சொன்னது தண்ணீரின் அழுத்தம் பற்றி. பாறையை வேதியியலாலும் அது மாற்றுகிறது. மழைநீர் மண்ணில் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிக் கீழே இறங்குகிறது. ஓரிடத்தில் கரைக்கும், சூடோ அழுத்தமோ மாறும் இன்னோரிடத்தில் படியவைக்கும். புவிவெப்ப நிலையக் குழாய்களில் வெந்நீர் ஆறும்போது சிலிக்கா கெட்டியாகப் படிந்து அடைத்துக்கொள்வது இதனால்தான். எண்ணெய்க் கிணற்று உப்புநீரில் ரேடியம் கலந்து வருவதும் பல காலம் பாறையோடு ஊறியதன் விளைவுதான்.

தண்ணீர் பாறையை வேறு பாறையாகவே மாற்றிவிடும் என்பதற்கு ஜெர்மனியின் ஷ்டவ்ஃபன் என்ற சிற்றூர் சாட்சி. 2007இல் அதன் நகர மன்றக் கட்டிடத்தைச் சூடாக்க, சுமார் 140 மீட்டர் ஆழத்துக்குச் சில புவிவெப்பத் துளைகள் போட்டார்கள். நல்ல நோக்கம், சிறிய திட்டம். அடியில் அன்ஹைட்ரைட் என்ற உலர்ந்த தாதுவின் அடுக்கு இருந்தது. அதற்கும் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீர். துளைகள் இரண்டையும் இணைத்துவிட்டன. அன்ஹைட்ரைட் நீரைக் குடித்தால் ஜிப்சமாக மாறும், மாறும்போது கன அளவு ஏறத்தாழ 60 சதவீதம் கூடும். ஊர் மெல்ல மேலெழுந்தது, வேகமான நாட்களில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். 250க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் விரிசல் விட்டன. துளைகளைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, நீரை விடாமல் இறைத்து வேகத்தைக் குறைத்தார்கள்.

இதே வேதியியலை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஐஸ்லாந்தின் ஹெட்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின்நிலையத்தில் நீராவியோடு கொஞ்சம் கரியமில வாயுவும் வெளியேறும். கார்ப்ஃபிக்ஸ் என்ற ஆய்வுத் திட்டத்தின் குழுவினர் 2012இல் அந்த வாயுவை நீரில் கரைத்து, 400 முதல் 800 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். சோடா போன்ற அந்த அமில நீர் பசால்ட்டிலிருந்து கால்சியம், மெக்னீசியம், இரும்பு ஆகியவற்றைக் கரைத்தெடுக்கும். கரைக்கக் கரைக்க அமிலத்தன்மை தணியும், அப்போது கரியமில வாயு இந்த உலோகங்களோடு சேர்ந்து கல்லாகப் படியும். இதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றுதான் பொதுவாக எதிர்பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி 95 சதவீதத்துக்கும் மேல் இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது. எடுத்த மாதிரிகளில் கால்சைட் என்ற வெண்ணிறத் தாது பசால்ட்டின் துளைகளை நிரப்பியிருந்தது. வாயுவாகவே புதைத்தால் மேலே மூடியிருக்கும் பாறை கசியாமல் இருக்க வேண்டும். நீரில் கரைந்த வாயுவோ மேலே எழும்பத் துடிப்பதில்லை, கரைசல் சாதாரண நீரைவிடக் கனமானது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு டன் கரியமில வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் நீர் வேண்டும். அவ்வளவு நீரை உள்ளே செலுத்தும்போது டென்வரில் பார்த்த அழுத்தக் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டும். நன்னீர் தாராளமாக இருக்கும் ஐஸ்லாந்தில் இது நடக்கும், பல இடங்களில் நடக்காது. அதனால் கடல்நீரைக் கொண்டே கரைத்துச் செலுத்த முடியுமா என்று இப்போது சோதித்து வருகிறார்கள். பூமியில் பசால்ட் மிகுதியாகக் கிடக்கும் இடம் கடலடிதான் என்பதால், அந்தச் சோதனையின் முடிவுக்காகத்தான் நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.