பாறைக்குள் ஒளியும் புழுவை ஏன் இழுத்தெடுக்க முடிவதில்லை?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்கும் வாசகர் ஒருவர் தம் சிக்கலை விரிவாக எழுதிக் கேட்டிருந்தார். விளக்கை அணைத்த பிறகு பாறை இடுக்கிலிருந்து ஒரு புழு தலைநீட்டுகிறது. காலையில் பவளக் கிளைகள் நறுக்குண்டு கிடக்கின்றன. இடுக்கியால் பிடித்து இழுத்தால் கையில் ஒரு துண்டுதான் மிஞ்சுகிறது, மற்றது உள்ளே போய்விடுகிறது. இதை எப்படி அகற்றுவது என்பது அவர் கேள்வி.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், நியூகீ நகரின் புளூ ரீஃப் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் 2009ஆம் ஆண்டில் இதே சிக்கலைச் சந்தித்தது. பவளங்கள் துண்டுபட்டன, மீன்கள் காயமடைந்தன, இரை வைத்த பொறிகள் பயன்தரவில்லை. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தபோது ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள புழு ஒன்று வெளிப்பட்டது. அது யூனிசி என்னும் கடற்புழுக் கூட்டத்தைச் சேர்ந்தது. குட்டியாக இருந்தபோதே உயிர்ப்பாறைக்குள் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைத் துண்டுக்குள்) ஒளிந்து தொட்டிக்கு வந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜப்பானின் சிராஹாமா அருகே, 13 ஆண்டுகள் கடலில் மிதந்த ஒரு தெப்பத்துக்குள்ளிருந்து கிடைத்த யூனிசியின் நீளம் 299 செ.மீ.; அதன் உடலில் 673 கண்டங்கள், அதாவது வளையம் போன்ற உடற்பகுதிகள், இருந்தன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பவளத் தொட்டியில் கண்ணில் படும் புழுக்களில் பெரும்பாலானவை பகைவர்கள் அல்ல. உடலின் இருபுறமும் வெண்ணிற முட்களோடு ஊரும் இளஞ்சிவப்பு நிற முட்புழுக்கள், மீன் தின்னாமல் விட்ட உணவையும் இறந்த உயிர்களையும் தின்று தொட்டியைத் தூய்மையாக வைத்திருப்பவை. அவற்றுக்குத் தாடைகள் கிடையாது. எளிதில் முறியும் அவற்றின் முட்கள் தோலில் ஏறினால் கடுமையாக எரியும் என்பதால், கையுறை இல்லாமல் தொடக்கூடாது; மற்றபடி விட்டுவிடலாம். யூனிசியின் தலையிலோ ஐந்து உணர்கொம்புகள் இருக்கும். இரவில் சிவப்பு ஒளிக் கைவிளக்கால் பார்த்தால் அது அஞ்சி ஒளிவதற்குள் அவற்றை எண்ணிவிட முடியும். அருவருப்பின் பேரில் எல்லாப் புழுவையும் கொல்ல முனைவது, எல்லாப் பாம்பையும் அடிப்பதைப் போன்ற அறியாமைதான் என்பது என் உறுதியான கருத்து.

இனி, இழுத்தால் ஏன் வருவதில்லை என்பதற்கு வருவோம்; இந்தப் புழுவிடம் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். மண்புழுவைப் போலவே யூனிசிக்கும் எலும்பு இல்லை. தசைச் சுவருக்குள் அடைபட்டிருக்கும் நீர்மமே அதன் எலும்புக்கூடு. நீர்மத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆகவே புழு தன் நீளத்தைக் குறைத்தால் பருமனைக் கூட்டியே ஆக வேண்டும். நீளம் பாதியானால் குறுக்குப் பரப்பு இருமடங்காகும், அதாவது விட்டம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். 10 மி.மீ. தடிமனுள்ள புழு 12 மி.மீ. அகலமுள்ள வளைக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது தாராளமாக ஊர்ந்து திரியலாம். ஆனால் உடலைச் சுருக்கிய கணத்தில் வளையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு சுவரோடு இறுகிவிடும். போதாததற்கு, ஒவ்வொரு கண்டத்தின் பக்கக்கால்களிலும் உள்ள முட்கள் சுவரின் சொரசொரப்பில் ஊன்றிக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான கண்டங்கள் ஒரே நேரத்தில் இப்படிப் பற்றிக்கொண்டால், இழுப்பவரின் வலிமைக்கு முன் புழுவின் உடல்தான் அறும்.

'ஒரே நேரத்தில்' என்பது சும்மா வந்த சொல் அல்ல. தலையில் பட்ட தொடுகை கண்டம் கண்டமாகக் கைமாறி வால்வரை போய்ச் சேர்வதென்றால், அதற்குள் மீன் வந்து கடித்துவிடும். அதற்காகவே இத்தகைய புழுக்களின் நரம்பு வடத்தில் மற்ற இழைகளைவிடப் பலமடங்கு தடித்த பெருநரம்பிழைகள் உடல் நெடுகிலும் ஓடுகின்றன. இழை தடித்தால் செய்தி விரைவாகச் செல்லும். எனவே இடுக்கியின் முனை தலையைத் தொட்டதும், நம் விரல்கள் இறுகுவதற்கு முன்பே முழு உடலும் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. தைவானில் 2 கோடி ஆண்டுப் பழமையான படிவுகளில் சுற்றியுள்ள மண் உள்நோக்கிச் சரிந்ததால் உண்டான இறகு வடிவத் தடங்களோடு நீண்ட வளைகள் கிடைத்திருப்பதையும், இரையைப் பற்றியபடி வளைக்குள் பின்வாங்கிய இத்தகைய புழுக்களின் தடங்களாகவே ஆய்வாளர்கள் அவற்றைக் கருதுவதையும் 2021இல் வெளியான கட்டுரை ஒன்றில் படித்தபோது, அந்த வளைகளின் படங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே இழுக்க வேண்டாம். தலையோடு உள்ளே தங்கிய பகுதி, இழந்த கண்டங்களை மீண்டும் வளர்த்துக்கொள்ளக் கூடியது. புழுவுக்கு வலிமை தரும் அந்த உடல்நீர்மமே அதன் பலவீனமும் ஆகும். எலும்பு மீன்கள் செவுள்கள், சிறுநீரகம் ஆகியவற்றின் உதவியால் உடலின் உப்பளவைத் தாமே நிலைநிறுத்துகின்றன. புழுவின் உப்பளவோ சுற்றியுள்ள கடல்நீரைப் பின்பற்றியே அமைகிறது. நீர் மிகுந்த உப்புடையதானால், சவ்வூடுபரவலால் உடல்நீர் வெளியேறத் தொடங்கும். அதைத் தாங்க முடியாமல் புழு தானாகவே வளையை விட்டு வெளியே வரும். எனவே ஐயத்துக்குரிய பாறையை மட்டும் எடுத்து, வழக்கத்தைவிட உப்பு மிகுந்த கடல்நீர் நிரப்பிய வாளியில் வைத்துக் காத்திருப்பதே சிறந்த வழி. நன்னீரில் முக்குவதும் பலன் தரும், ஆனால் அது பாறையினுள் வாழும் கடற்பஞ்சு, நுண்ணுயிர்கள் ஆகியவற்றையும் பெருமளவில் கொன்றுவிடும். அவை அழுகி அம்மோனியா பெருகும். எந்த நீராயினும், பாறையைச் சில நாள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே திரும்ப வைக்க வேண்டும்.

அக்ரோபோரா என்னும் கிளைவிடும் பவள வகையைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு இந்த வழி பொருந்தாது. அதற்குப் பவளத்தை மருந்துக் கரைசலில் முக்கி எடுப்பார்கள்; ஆனால் பவளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளை மருந்து கொல்வதில்லை. 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் வாழ்க்கைச் சுற்று ஐந்து வாரங்களுக்குச் சற்று மேல் ஆவதால், முட்டைகளைச் சுரண்டி நீக்கி, குஞ்சுகள் வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்கு முன்பே முக்குதலைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்தியாவில் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப்பாறையைப் பெயர்த்து வருவது குற்றம். உலர்ந்த செயற்கைப் பாறையை வாங்குவது சட்டத்துக்கும் உகந்தது. அதற்குள் யூனிசிக் குட்டியும் ஒளிந்திருக்காது. அந்த வளைகுடாவின் புழுக்களைத் தாடையும் முள்ளும் பார்த்து இனம் பிரிக்கத் தெரிந்தவர்களை உருவாக்க, பவளத்துக்கும் ஆமைக்கும் ஒதுக்கும் ஆய்வு நிதியில் ஒரு சிறு பங்காவது ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடிதம் எழுதிய வாசகர், கையில் வந்த துண்டைத் தூக்கி எறியாமல் சாராயத்தில் போட்டு வைத்திருந்தால், அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையிடம் அதைக் காட்டலாம்.