ஸ்கேன் செய்துவிட்டோம் என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரம் ஒருவர் வந்து ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தார். அவருடைய அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படங்கள், கிட்டத்தட்ட 200 பிரேம். ஒரு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து வீட்டிலேயே ஸ்கேன் செய்திருக்கிறார். "முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கு. கொஞ்சம் சரிசெய்து கொடுங்க" என்றார். திறந்து பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. "கவலைப்படாதீங்க, நெகட்டிவைக் கொண்டு வாங்க, மறுபடி எடுத்துடலாம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அதான் ஸ்கேன் பண்ணியாச்சேன்னு எல்லாத்தையும் போட்டுட்டோமே."

இந்த வருடத்தில் இது நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த மெழுகு முகம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பல ஸ்கேனர்களில் தூசி நீக்கும் வசதி உண்டு. டிஜிட்டல் ஐஸ் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது அகச்சிவப்புக் கதிரைப் பிலிம் வழியாக அனுப்பிப் பார்க்கும். கலர் நெகட்டிவில் படம் சாயத்தால் ஆனது. சாயத்தை அந்தக் கதிர் தாண்டிப் போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் மறிக்கும். மறித்த இடத்தையெல்லாம் அழுக்கு என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை வைத்து ஸ்கேனர் நிரப்பிவிடும். ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அந்தக் கதிரை மறிக்கும். வெளிச்சம் விழுந்த நெற்றியும் கன்னமும்தான் நெகட்டிவில் வெள்ளி அடர்ந்த இடங்கள். ஸ்கேனர் அவற்றைத்தான் அழுக்கு என்று வழித்தெடுத்திருக்கிறது. அவர் எல்லாவற்றையும் 'கலர் நெகட்டிவ்' என்ற அமைப்பில் வைத்தே ஓட்டியிருக்கிறார், அந்த வசதியும் கூடவே ஓடியிருக்கிறது. கறுப்பு வெள்ளையில், கலர் ரசாயனத்தில் கழுவப்படும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற சில பிலிம்களுக்கு மட்டும் இந்த வசதி பொருந்தும். தாத்தா காலத்து டப்பாவில் இருப்பது அது அல்ல. அணைத்து வையுங்கள்.

தவறான அமைப்பில் ஸ்கேன் செய்வது பெரிய குற்றமில்லை. யாருக்கும் முதல் தடவை சரியாக வராது, எனக்கும் வந்ததில்லை. நெகட்டிவ் கையில் இருந்தால் மறுபடி எடுத்துவிடலாம். பிரச்சினை அடுத்து வருகிற நம்பிக்கையில் இருக்கிறது: 'கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது, இனி அசல் எதற்கு?'

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். ஸ்கேன் என்பது நெகட்டிவின் நகல்கூட அல்ல. அது ஒரு நாள், ஒரு இயந்திரம், ஒரு அமைப்பில் அந்த நெகட்டிவை வாசித்த ஒரு வாசிப்பு. எது முழுக் கறுப்பு, எது முழு வெள்ளை என்று மென்பொருள் தானாகவே முடிவுசெய்து, மிச்சத்தை வெட்டி எறிகிறது. வெள்ளைச் சட்டையின் மடிப்புகள், தலைமுடியின் இழைகள், நிழலில் நிற்கும் பின்வரிசை ஆள் எல்லாம் நெகட்டிவில் இருக்கும். உங்கள் ஃபைலில் இருக்காது. ஃபைலில் இல்லாததை யாராலும் வரவழைக்க முடியாது. பிரிண்ட் போடும் இருட்டறையான டார்க் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரே நெகட்டிவிலிருந்து வானம் வெளுத்த பிரிண்டும் போடலாம், மேகம் திரண்ட பிரிண்டும் போடலாம். இரண்டும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

நுணுக்கமும் அப்படித்தான். 35 மிமீ பிரேம் 24க்கு 36 மில்லிமீட்டர். அதை 2400 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 2400 புள்ளி) எடுத்தால் சுமார் 3400க்கு 2270 பிக்சல், அதாவது ஏறக்குறைய 77 லட்சம் பிக்சல். ஸ்கேனர் பெட்டியின்மேல் 6400 என்று பெரிதாகப் போட்டிருக்கும். கண்ணாடிமேல் வைத்து எடுக்கும் வீட்டு பிளாட்பெட் ஸ்கேனர் நிஜத்தில் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் 2000, 2500ஐத் தாண்டாது. அதற்குமேல் ஃபைல்தான் பெருக்கும். நல்ல லென்ஸில் எடுத்த படமாக இருந்தால், வீட்டு ஸ்கேனர் எட்டாத விவரம் பிலிமில் இன்னும் பாக்கி இருக்கும். நாளைக்கு நல்ல கருவி கிடைக்கும்போது அதை எடுக்கலாம், நெகட்டிவ் இருந்தால்.

சரி, எப்படி எடுப்பது? 16 பிட் கிரேஸ்கேலில் (நிறமில்லாமல், சாம்பல் படிகள் நிறைய கிடைக்கும் அமைப்பு), விவரத்தைக் குறைக்காமல் சேமிக்கும் டிஃப் ஃபைலாக எடுங்கள். தானாகத் திருத்தும் வசதிகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கூர்மையாக்குவதையும் சேர்த்து. படம் சப்பென்று சாம்பலாக வந்தால் நல்லது. மாறுபாட்டைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஜேபெக் சொந்தக்காரர்களுக்கு அனுப்பத்தான். பளபளப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டினால் எண்ணெய்ப் படலம்போல வளையங்கள் விழும்; பிலிமைப் பிடிக்கும் சட்டமான ஹோல்டர் வைத்துச் சற்று உயர்த்துங்கள். மங்கலான பக்கம்தான் படம் இருக்கும் பக்கம், அதில் விரலே படக்கூடாது.

ஸ்கேனருக்குப் பதில் கேமராவில் எடுப்பவர்கள் மேக்ரோ லென்ஸ் (மிக அருகிலிருந்து எடுக்கும் லென்ஸ்), சீரான ஒளிப் பலகை, ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் ஃபைல்) என்று போங்கள். நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறையுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டு ஒளி கறுப்பையெல்லாம் வெளுக்க வைத்துவிடும். போன் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் நேராக நெகட்டிவை வைக்காதீர்கள். திரையின் புள்ளிகள் வலைபோலப் படத்தில் விழும்.

அடுத்து, சுத்தம் செய்வது. படம் டெவலப் செய்வதை நாம் 'பிலிம் கழுவுவது' என்று சொல்லியே பழகிவிட்டோம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். படம் ஜெலட்டின் படலத்தில் இருக்கிறது. ஈரம் பட்டால் அது உப்பி இளகும். பழைய பிலிமில் பூஞ்சை தின்றிருந்தால் படமே வழுக்கிக்கொண்டு போய்விடும். சட்டை நுனியால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் அதே கதைதான். ரப்பர் பல்ப் ஊதுகருவி, மென்மையான தூரிகை, அவ்வளவுதான். போகாத தூசியை அப்படியே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் எடுங்கள். ஒட்டிக்கிடக்கும் துண்டுகளைப் பிரிக்காதீர்கள், அது தெரிந்தவர்கள் கை வைக்கவேண்டிய வேலை.

டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடிக்கிறதா? 'பழைய லேப் மருந்து வாசனை' என்று நினைத்து மூடிவிடாதீர்கள். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கி, அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அந்தத் துண்டுகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். சுருங்கி அலை அலையாக ஆனபின் தட்டையாக வைக்கவே முடியாது.

இன்னும் பழையவை என்றால் வேறு எச்சரிக்கை. அசிட்டேட்டுக்கு முன்னால் புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்கும் அணையாது. கோடாக் நிறுவனமே 1951-க்குள்தான் அதன் தயாரிப்பை முழுதாக நிறுத்தியது. ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. அந்த எழுத்து இல்லாமல், பிசுபிசுப்பாகவும் மஞ்சள் பழுப்பாகவும் இருந்தால் சூடான விளக்கின் அருகே கொண்டுபோகாதீர்கள், தபாலில் போடாதீர்கள், ஆவணக் காப்பகங்களில் பழைய பிலிமைக் கையாளும் ஒருவரிடம் கேளுங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதித்துப் பார்த்தேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது.

வேலை முடிந்தபின் பிவிசி உறையில் போடவேண்டாம். பாலிப்ரொப்பிலீன் உறையோ, போட்டோவுக்கென்றே வரும் அமிலமற்ற காகித உறையோ போதும். குளிர்ந்த, உலர்ந்த இடம். பரணும் ஈரச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. உறையின்மேல் ஒரு எண்ணைப் பென்சிலால், நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதுங்கள். ஸ்கேன் ஃபைலுக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்குத் தேடுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

ஏற்கெனவே தூக்கிப் போட்டவர்களுக்கு: பழைய ஆல்பத்தைத் தேடுங்கள். உறவினர் வீட்டில் அதே படத்தின் பிரிண்ட் இருக்கலாம், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. மெழுகு முகத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கொடுத்துத் தெளிவாக்கினால் கண்ணும் இமையும் அழகாக வரும். ஆனால் அது அந்த மென்பொருள் யூகித்து வரைந்த வேறொருவர் முகம். அதை அசல் ஃபைலின்மேல் சேமித்துவிடாதீர்கள், தனியாக வையுங்கள்.

பென் டிரைவ் கொண்டுவந்தவரிடமும் இதைத்தான் சொன்னேன். அத்தை வீட்டில் ஒரு ஆல்பம் இருக்கிறதாம், கேட்டுப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார்.